கடல்பாசித் தலை

தலை சூடாக இருந்தது.

நவ்ரீன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நோன்புக்கு வீட்டில் காய்ச்சும் அதே கடல்பாசியை அண்டாவில் காய்ச்சி, அச்சில் ஊற்றி, அவள் கையாலேயே செய்த தலை அது. ஏசி அறையில் ஜில்லென்று இருக்கவேண்டிய நெற்றி, ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

வெளியே விம்கோ நகர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு ஊர்ந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அந்தப் பழைய தொழிற்சாலைக் கொட்டகையின் தகரம் கிடுகிடுத்தது. எண்ணூர்ப் பக்கத்துக் கரிநாற்றம் கதவிடுக்கில் நுழைந்து, கடல்பாசியின் உவர்வாடையோடு சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்தது. நோன்பு திறக்க, கூட வேலை செய்யும் யாசினும் மற்றவர்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக் குழு வருகிறது. பாதுகாப்புச் சோதனை முடியாமல் உயிருள்ள தலை ஒன்றையும் இந்த இயந்திரத்துக்குள் விடமாட்டார்கள்.

இயந்திரம் என்றால் ஏதோ பிரமாதம் என்று நினைக்க வேண்டாம். ஹெல்மெட் மாதிரி ஒரு கூடு, உட்பக்கம் சுற்றிலும் குட்டி ஆன்டெனாக்கள், அவ்வளவுதான். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் மைக்ரோவேவ் அலையை அனுப்பிப் படம்பிடித்துக் காட்டிவிடும், ஆம்புலன்சிலேயே வைத்துக்கொள்ளலாம். “அய்ய, தலய ஓவன்ல வெச்சு வேவ வெக்கிறீங்களாடி?” என்று மாமியார் சாபிரா கேட்டபோது நவ்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “செல்போன்ல வர்றதவிடக் கம்மி பவர், மாமி. சூடு ஒரு டிகிரி ஏறினாலே பாஸ் பண்ண மாட்டாங்க” என்றாள்.

சோதனைக்கு ஒரு மாதிரித் தலை வேண்டியிருந்தது. அவள் கணவன் ஒவைஸ்தான் நாற்காலியில் உட்கார்ந்து, முகம் முழுக்க மாவுக்கட்டுச் சாந்து பூசிக்கொண்டு, அச்சுக்குத் தன் தலையைக் கொடுத்தான். “கண்ண மூடிக்கோங்க, எரியும்” என்றாள். “என் தலய இனிமே எவன் எவன் உருட்டப் போறானோ!” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். கடல்பாசியில் அந்தச் சுளித்த இமைகூட அப்படியே விழுந்திருந்தது.

ரத்தக் கசிவுக்குப் பதிலாக, இன்று காலை அந்தத் தலையின் இடதுபக்கம், காதுக்கு மேலே, ஊசியால் உப்புத் தண்ணீர் ஏற்றியிருந்தாள். திராட்சை அளவு. நிறம்கூட இல்லாத வெறும் உப்புத் தண்ணீர்.

வெப்பமானியில் முப்பத்தேழு.

மனித உடம்பின் சூடு. பவர் மீட்டரைப் பார்த்தாள்; எப்போதும் போலத் துளிதான். இந்தப் பவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வெதுவெதுக்காது. மானிதான் மக்கர் பண்ணுகிறது என்று வேறொன்றைச் செருகினாள். முப்பத்தெட்டு. போய் மெயின் ஸ்விட்சையே இறக்கினாள். ஏசி நின்றது. விளக்குகள் அணைந்தன. கூட்டின் ரீங்காரம் அடங்கியது. இருட்டில் லேப்டாப் திரையும், பேட்டரியில் ஓடும் மானியின் சிவப்பு எண்ணும் மட்டும் மிச்சம்.

முப்பத்தொன்பது.

போன் அடித்தது. ஒவைஸ். ஸ்பீக்கரில் போட்டாள்.

“நவ்ரீன், வரும்போது மாத்திரை வாங்கினு வா. காலைலேந்து ஒரே தலவலி. நோம்புனாலதான்னு வுட்டுட்டேன். இப்போ கொதிக்குது. நோம்பு தொறந்தும் போவல.”

“எந்தப் பக்கம்?”

“லெஃப்ட்டுல. காதுக்கு மேல. யாரோ ஊசி ஏத்துன மாரி கீது.”

சீ, படித்த புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் திரையைத் திரும்பிப் பார்த்தாள். இயந்திரம் அணைந்து கிடக்கிறது. படம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. திராட்சை எலுமிச்சையாகியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கத் துடித்தது. ஒரு துடிப்புக்கு ஒரு சுற்று பெருத்தது.

“மாமியக் கூப்பிடுங்க! ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க, உடனே!”

“இன்னா பேஜாரு பண்ற… நாக்கு… நாக்கு வர மாட்…”

“டேய்! வாய் கோணுதேடா!” சாபிராவின் குரல். ஏதோ உருண்டு விழுந்த சத்தம்.

யா அல்லாஹ்! இங்கிருந்து அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் ஏற்றியதுதானே? நானே எடுத்துவிட்டால்? கை தானாகச் சிரிஞ்சைத் தேடியது. தலையைக் கூட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் குத்திய அதே துளை. ஊசியை இறக்கினாள்.

போனில் ஒவைஸ் அலறினான்.

கை நின்றது. எடுக்கவும் முடியவில்லை. விடவும் முடியவில்லை. “கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றாள். அழுதாள். மெல்ல இழுத்தாள்.

உப்புத் தண்ணீர் வரவில்லை.

சிவப்பு. வெதுவெதுப்பு. அவள் இழுப்பதை நிறுத்தியும் சிரிஞ்சு நிரம்பியது. துடித்துத் துடித்து. நிதானமாக.

பிறகு துடிப்பு நின்றது.

மானியில் முப்பத்தாறு. முப்பது. இருபத்துநான்கு. அறையின் சூடு. நாளைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய எண்.

“கண்ண தொறடா நைனா!” போனில் சாபிரா கதறினாள். “ஒரே ஒரு தபா கண்ண தொறடா!”

நவ்ரீனின் மடியில், அச்சில் இறுக மூடியிருந்த இமைகள் திறந்தன.