மூலை வெட்டிய சீட்டு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் கொளஞ்சியப்பனின் ஜெராக்ஸ் கடைக்கு வேல்விழி வந்த வேகத்தைப் பார்த்ததுமே, ஏதோ வில்லங்கம் என்று அவனுக்குப் பட்டது. அவள் அவனைத் தாண்டி, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பூங்கோதை மேடத்திடம் போய் நின்றாள். பீங்கான் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் மேடம். ஊரில் தொலைந்த பத்திரம், மாறிய கையெழுத்து எதுவானாலும் அவர் கண்ணுக்குத்தான் வரும்.

"மேடம், நாளைக்கு இந்தப் படிவத்துல நான் கையெழுத்துப் போடணுமாம். எங்க கருவை அழிச்சிடறதுக்கு."

இரண்டு முறை கர்ப்பம் கலைந்தவள். மூன்றாம் தடவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கருப்பைக்கு வெளியே உருவானது ஒரே ஒரு கரு. அதிலிருந்து சில செல்களைக் குரோமோசோம் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, கருவை உறைய வைத்திருந்தார்கள். அவள் காய்ச்சலில் கிடந்ததால் முடிவை வாங்கி வந்தது கணவன் திலீபன். வீட்டில் கிடைத்தது நகல் மட்டும்.

"எங்க ஓரகத்தி ராஜம்மாள்தான் இந்த நகலைக் கையில கொண்டாந்து குடுத்தாங்க. 'ஒரு புள்ளைய தத்து எடு'ன்னு ரெண்டு வருஷமா சொல்றவங்க. அவங்க மேலதான் எனக்குச் சந்தேகம்."

மேடம் நகலை வெளிச்சத்தில் பிடித்தார். 'குரோமோசோம் மாறுபாடு உள்ளது' என்ற ஆங்கில வரிக்குக் கீழே ஒரு பட்டை வெறுமையாக இருந்தது.

"கொளஞ்சி, என்ன தெரியுது?"

"ஏதோ ஒட்டி மறைச்சிருக்காங்க மேடம். ஓரத்துல சாம்பல் கோடு வுழுந்திருக்குது. ஒரு மூலை மட்டும் சாய்வா இருக்குது." உற்சாகமாக ஆரம்பித்தவனுக்குச் சட்டென்று முகம் வாடியது. இடது ஓரத்தில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. "இது நம்ம மிஷின் கண்ணாடியில இருக்கற கறை. இங்கயே எடுத்திருக்காங்க!"

"நீ சாப்பிடப் போற நேரத்துல தெரிஞ்சவங்க அவங்களே எடுத்துக்கிட்டு டப்பாவுல காசு போடறாங்கள்ல?"

கொளஞ்சியப்பன் காசு டப்பாவை மேஜைக்கு அடியில் தள்ளினான்.

மேடம் சொன்னபடி வேல்விழி ஆஸ்பத்திரியின் மரபணு ஆலோசகருக்குப் போன் போட்டாள். மறைந்திருந்த வரியை அந்தம்மா வாசித்தார்: மொசைக், ஏறக்குறைய முப்பது சதவீதம், முடிவெடுக்கும் முன் தம்பதி இருவரும் ஆலோசகரைப் பார்க்கவும்.

"மொசைக்குன்னா தரையில போடறதுதானே?" என்றான் கொளஞ்சியப்பன்.

"சும்மா இரு. திலீபனையும் ராஜம்மாளையும் வரச் சொல்லு."

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். வந்ததும் ராஜம்மாள் பொரிந்து தள்ளினாள். "என்னையா சொல்ற? எனக்கு இங்கிலீஷ்ல பேரு எழுதவே தெரியாது. தம்பி குடுத்தாரு, கொண்டாந்தேன்!"

"உங்களைச் சொல்லலைங்க," என்றார் மேடம். "மறைச்ச சீட்டு எங்க இருந்து வந்ததுன்னு அதோட மூலை சொல்லுது. எங்க கம்பெனி சூளையில ஒரு வண்டி சரக்கு வேகும்போது ஒரு சாம்பிளை வெளிய எடுத்துப் பார்ப்போம். அது விரிசல் விட்டிருந்தா, வண்டி மொத்தமும் கழிவு. கழிவுச் சீட்டுல ஒரு மூலையை வெட்டி வுடுவோம், இருட்டுலயும் தடவிப் பார்த்துத் தெரிஞ்சுக்க. உங்க வூட்டுல அந்தச் சீட்டு யாரு சட்டைப் பையில இருக்கும்? சூளையில வேலை பார்க்கறது நீதானே, திலீபா?"

திலீபனின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"ஆலோசகர் போன்ல சொன்னாங்க," என்றார் மேடம். "கருவோட வெளிப்பக்கத்துலேர்ந்து அஞ்சாறு செல்லுதான் எடுக்கறாங்க. பின்னால நஞ்சுக்கொடியா ஆகப்போற பக்கம் அது. அதுல சிலது சரியா இருக்குது, சிலது மாறியிருக்குது, அதுதான் மொசைக். உள்ள எப்படின்னு அதை வெச்சு உறுதியா சொல்ல முடியாது. நல்லாவும் பொறக்கலாம், கலைஞ்சும் போகலாம். பீங்கானுக்குப் போட்ட சட்டத்தை நீ இதுக்குப் போட்டுட்ட."

"தெரியும் மேடம்," என்றான் திலீபன். "டாக்டரும் இதையேதான் சொன்னாரு. 'கலையலாம்'ங்கறதுக்கு மேல எதுவும் என் காதுல ஏறலை. போன தடவை அஞ்சாம் மாசம். துணியில சுத்தி மணிமுத்தாத்தங்கரையில குழி வெட்டினது நான். இவ அதைப் பார்க்கலை. இன்னொரு தடவை என்னால முடியாது."

வேல்விழி கையை நீட்டினாள். அவன் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

"எனக்கும் பயமா இருக்குது," என்றாள் அவள். "ஆனா நானும் சேர்ந்து பயப்பட்டிருப்பேனே. அதையும் சேர்த்து மறைச்சிட்டீங்களே."

ராஜம்மாளின் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது கொளஞ்சியப்பன் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பார்த்தான். வேல்விழியும் திலீபனும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. கையெழுத்துப் போடாத படிவம் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிய குலுக்கலில் ஃபைல் சரிய, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன.