கார்பன் வெளிச்சம்

செல்வமேரியை அடக்கம் செய்த மறுவாரமே ஜெபராஜ் வேலைக்கு வந்துவிட்டான். அஸ்தினாபுரம் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட பழைய தியேட்டர் அது. ஆபரேட்டர் ரூமுக்குப் படியேறும்போது மேனேஜர் குப்புராஜ் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, இன்னும் ரெண்டு நாள் வூட்ல இருந்திருக்கலாமே?"

"வூட்ல குந்திகினு இன்னா சார் பண்றது?"

மனைவியின் பெட்டியைக் குழியில் இறக்கியபோதுகூட அவனுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மேட்னி தொடங்கியது. படம் காட்டும் மெஷினின் விளக்குக் கூண்டுக்குள் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கார்பன் குச்சிகளைத் தொடவைத்து, மெல்ல விலக்கினான். சுர்ரென்று மின்சாரம் இடைவெளியைத் தாண்டியது. நுனிகள் வெள்ளையாய்க் கொதித்தன. அந்த வெளிச்சத்தில்தான் படமே ஓடும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய, குமிழைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். அதையும் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். அவசரத்தில் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்தே அவனுக்குப் பாதிப் பார்வை போயிருந்தது. இன்னொரு தடவை பார்த்தால் மீதியும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாயில்லாத மகள் பியூலாவுக்கு இனி அவன் ஒருவன்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்தவன் அப்படியே உறைந்துபோனான். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. திடுக்கிட்டு எழுந்தான். குமிழைத் தொடவே இல்லையே! திரை இருண்டிருக்க வேண்டும். ஜனம் விசிலடித்திருக்க வேண்டும்.

படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

குமிழ் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தக் குமிழைத் திருக மோட்டார் எதுவும் கிடையாது. மத்தியானச் சோறு கொண்டுவரும் செல்வமேரி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவாள்.

கறுப்புக் கண்ணாடியில் முகத்தை வைத்தான். இரண்டு நுனிகளுக்கும் நடுவே, அந்த வெள்ளைக்குள், யாரோ அசைந்தார்கள்.

"கண்ணாடி வாணாம். கதவைத் தொறந்து பாரு."

கூண்டுக்குள்ளிருந்துதான் வந்தது அந்தக் கிசுகிசுப்பு. அவனுக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. கை கூண்டின் கதவு வரைக்கும் போய்விட்டது.

"பாப்பா கீதே, மேரி... நான் பாக்க மாட்டேன்."

பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினான். மெஷின் நின்றது. கீழே ஒரே கூச்சல்.

"ஜெபராஜு! கரண்ட்டு பூட்ச்சா?" குப்புராஜின் குரல்.

கூண்டுக்குள் வெளிச்சம் அணையவில்லை.

கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

கண்களை இறுக மூடிக்கொண்டான். முகமெல்லாம் சூடு பரவியது. அப்போதுதான், அத்தனை நாளும் வராத அழுகை பீறிட்டு வந்தது.

ஜில்லென்று இரண்டு விரல்கள் அவன் கண்ணீரைத் துடைத்தன. பிறகு, இமைகளை மெல்லத் தூக்கின.