வாலில்லாத மாவு மாடு

மாட்டின் வாலைத் தின்றது நான்தான். கதையின் நடுவில் எப்படியும் தெரிந்துவிடும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். காதுகளைத் தின்றதும் நான்தான்.

பயப்படாதீர்கள், அது உயிருள்ள மாடு இல்லை. பார்லி மாவையும் தேனையும் பிசைந்து அப்பா செய்த மாடு. ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும்.

எங்கள் கிரேக்க ஊரான அக்ராகஸில், குழந்தை பிறந்த பத்தாம் நாள் பெயர் வைப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். முற்றத்துப் பலிபீடத்தில் ஆடோ மாடோ பலி கொடுத்து விருந்து வைப்பார்கள். என் தம்பிக்கும் அந்த நாள் வந்தது. அப்பாவோ, "நம்ம வீட்டுல ரத்தம் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் எம்பெடோக்ளிஸால் வந்தது. அவர் எங்கள் ஊர் அறிஞர். அவர் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அப்பா இறைச்சியைத் தொடுவதில்லை. மொச்சையையும் தொடுவதில்லை. எனக்கு மொச்சையே பிடிக்காது என்பதால், அந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம்.

முதல் நாள் மாவு பிசையும்போது அப்பா சொன்னார்: "பாரு பிலின்னா. மாவு மண்ணுலேருந்து வந்தது. இது தண்ணி. உள்ளே காத்து இருக்கு. அப்புறம் நெருப்புல சுடப்போறோம். இந்த நாலும் அன்பால ஒண்ணு சேருது, பகையால பிரிஞ்சு போகுது. உலகத்துல எல்லாமே இப்படித்தானாம்."

"நானுமா?"

"நீயும்தான்."

"என் ஆடு சிமோ?"

"சிமோவும்தான். அதனால அதெல்லாம் நமக்குச் சொந்தம்ங்கிறார் எம்பெடோக்ளிஸ். சொந்தத்தை யாராவது வெட்டுவாங்களா?"

"அப்போ மெனோன் பெரியப்பா?"

அப்பா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அவர்கிட்டயும் நாலும் இருக்கு. நெருப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

மறுநாள் காலை மாடு மேசைமேல் பளபளவென்று நின்றது. திராட்சைக் கண்கள், வாதுமைக் கொம்புகள், வளைந்த வால். அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா விருந்தாளிகளை அழைத்துவரப் போயிருந்தார். முற்றத்தில் நானும் மாடும் மட்டும்தான்.

வாலின் நுனியில் ஒரு சொட்டுத் தேன் தொங்கியது. அதை மட்டும் நக்கினேன். சத்தியமாக அதை மட்டும்தான் நக்க நினைத்தேன். ஆனால் நுனி என் வாயோடு வந்துவிட்டது. பாதி வால் பார்க்க அசிங்கமாக இருந்தது, அதனால் மீதியையும் தின்றேன். அப்புறம் ஒரு காது. ஒற்றைக் காதோடு மாடு இருந்தால் நன்றாகவா இருக்கும்? இன்னொன்றையும் தின்றேன்.

அதற்கப்புறம்தான் மாட்டைப் பார்த்தேன். அது பெரிய எலிபோல இருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

விருந்தாளிகள் வந்தபோது சிமோ மேசைக்கடியில் நின்று, நான் சிந்திய துணுக்குகளை நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, ஆடு தின்னுடுச்சு!" என்று ஒரு அத்தை கத்தினாள்.

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெல்லியாஸ், உன் மாட்டுக்குக் காதே இல்லையேடா! நீ வேண்டிக்கிறது அதுக்கு எப்படிக் கேட்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். "பிலின்னா, சிமோ தின்னதை நீ பார்த்தியா?"

தரையைப் பார்த்தேன். 'ஆடுதானே, கூடிப்போனால் ரெண்டு அடி விழும்' என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பெரியப்பா சிரிப்பை நிறுத்தினார். "சாமி பங்கைத் தின்ன ஆடு சாமிக்குத்தான். அதையே பலி கொடுத்துடு. பிள்ளைக்கும் நல்லது."

"இல்லண்ணா... அதுவும் நமக்குச் சொந்தம்..."

"சொந்தமா? யாருடா இது? செத்துப்போன நம்ம சித்தி ஆடாப் பொறந்திருக்காளா? ஆமா, தாடி மட்டும் அப்படியே இருக்கு!"

மறுபடியும் ஒரே சிரிப்பு. அப்பாவின் காதுமடல்கள் சிவந்துவிட்டன. அம்மாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகத் தலையாட்டினார்.

நான் கதவை விட்டு முற்றத்துக்கு ஓடிவந்தேன்.

பலியின்போது கத்தியைப் பார்த்தால் ஆடு மிரளும் என்று, அதைக் கூடையில் தானியத்துக்கு அடியில் மறைத்துவைப்பார்கள். கூடையைத் தூக்கிவருவது அந்த வீட்டுப் பெண். அதாவது நான். அத்தை கூடையை என் கையில் திணித்துவிட்டாள். சிமோவின் கழுத்தில் மாலை போட்டார்கள். நான்தான் வருகிறேன் என்று அது சந்தோஷமாக வாலை ஆட்டியது.

பெரியப்பா அதன் தலையில் தண்ணீர் தெளித்தார். ஆடு தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். தலையில் தண்ணீர் விழுந்தால் யார்தான் தலையாட்டமாட்டார்கள்? சிமோவும் ஆட்டியது.

"சித்தி சம்மதம் கொடுத்துட்டா!" என்றார் பெரியப்பா. கத்தியை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டார்.

நான் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"கொடுடி."

"மாட்டேன். சிமோ தின்னல. நான்தான் தின்னேன்."

எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

பெரியப்பா என் கன்னத்தைத் தட்டினார். "ஆட்டைக் காப்பாத்தப் பொய் சொல்றா பாரு. நல்ல பொண்ணு!"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நல்ல பொண்ணு என்றதும்தான் அழுகை வந்தது. உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை என்றால் என்ன செய்வது? திருடி என்பதை நானே நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது.

இடுப்புத் துணிக்குள் கையை விட்டு, ஒரு குச்சியை எடுத்து நீட்டினேன். வால் ஒடியாமல் நிற்க அப்பா உள்ளே வைத்திருந்த திராட்சைக்கொடிக் குச்சி அது. தேன் ஒட்டியிருக்கிறதே என்று எறிய மனமில்லாமல் ஒளித்துவைத்திருந்தேன். சப்பிச் சப்பி அது வெளுத்துப்போயிருந்தது.

"ஆடு தின்னிருந்தா குச்சியையும் சேர்த்துத் தின்னிருக்கும்" என்றேன். "இதுல என் பல்லு பட்டிருக்கு. பாருங்க."

இருபது பேர் அந்தக் குச்சியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என் முகம் அடுப்பாகக் காந்தியது. மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

பெரியப்பா குச்சியைப் பார்த்தார், என் முன்பற்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையைப் பார்த்தார். சிமோவின் கயிற்றை விட்டுவிட்டார்.

அப்பா வாலில்லாத மாட்டைத் தூக்கிப் பலிபீடத்தில் வைத்தார். ஒரு துண்டு நெருப்புக்குப் போனது, மிச்சம் விருந்தாளிகளுக்கு. தம்பிக்கு ஹிப்பிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரியப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஒரு துண்டு கொண்டுவந்தாள். "என் பங்கை ஏற்கெனவே தின்னுட்டேன்மா" என்றேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடிவிழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"வெட்கமா இருக்கா?" என்றார்.

"ரொம்ப."

"எனக்கும்தான்."

"நீங்க ஏம்ப்பா? நீங்க எதையும் தின்னலையே."

"நாலு பேர் சிரிச்சதும் நானும் தலையாட்டிட்டேனே" என்றார் அப்பா. "என் தலையில யாரும் தண்ணிகூடத் தெளிக்கல."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ரொம்ப நேரம் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் குடும்பத்தில் அன்று வெட்கப்படாத ஒரே ஆள் சிமோதான். தன் கழுத்து மாலையைத் தானே இழுத்து, பூப்பூவாகத் தின்றுகொண்டிருந்தது.