ஏறிக்கொண்டே போன முள்

சுண்டு கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது.

அது அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடம். மேசைமேல் ஓர் இரும்புக் குழாய். அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு பாறைத்துண்டு. ஓர் எண்ணெய்க் கிணற்றில், பூமிக்கடியில் ஒரு மைல் ஆழத்தில், எண்ணெய் ஊறிக் கிடந்த பாறையிலிருந்து வெட்டியெடுத்தது. பக்கத்தில் இருக்கும் பாட்டிலிலிருந்து அதற்குள் தண்ணீரைச் செலுத்தி, எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. வழி அடைபட்டால் அழுத்தம் கூடி முள் ஏறும். காலையிலிருந்து இரண்டிலேயே நின்ற முள், இப்போது ஏழில்!

"எதையும் தொடாதே. பாட்டில்ல தண்ணி குறைஞ்சா என்னைக் கூப்பிடு," என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா அடுத்த அறைக்குப் போனார். தண்ணீர் குறைந்தது. இதற்குப் போய் அம்மாவைக் கூப்பிடுவதா? தன் பள்ளித் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று ஊற்றிவிட்டாள் சுண்டு. பெரிய மனுஷி!

எட்டு. ஒன்பது. மறுமுனையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றே போனது.

கதவு திறந்தது. அம்மாவும், கூடவே ஆய்வுக்கூடத் தலைவரும் வந்தார்கள். கனைக்காமல் அவருக்குப் பேச்சே வராது. அதனால் சுண்டுவுக்கு அவர் கனைப்பு மாமா.

"ஐயோ!" அம்மா ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். "மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச துண்டு! வேற இல்லையே!"

மாமா கனைத்தார். "பாறையே அடைச்சுக்குதும்மா. இந்தக் கிணறு தேறாதுன்னு எழுதிடுங்க. மூடிடலாம்."

"அங்க வேலை செய்றவங்க எல்லாம்?"

"என்ன பண்றது? வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

சுண்டு தன் பாட்டிலைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கிணற்றை மூடிவிடுவார்களே!

"அம்மா... பாறை மேல தப்பில்ல. நான்தான் என் பாட்டில் தண்ணிய ஊத்திட்டேன்."

அம்மாவின் முகம் சிவந்தது. "இந்த பாட்டில்ல இருந்தது உப்புத் தண்ணிடி! பாறைக்குள்ள பொடிப்பொடியா களிமண் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெறும் தண்ணி பட்டா அது உதிர்ந்து ஓடி, குறுகலான சந்துல எல்லாம் போய் அடைச்சுக்கும்!"

சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்க கிளாஸ் கதவு மாதிரியா?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னது?"

"மணி அடிச்சதும் எல்லாரும் ஒண்ணா ஓடிப்போய் கதவுல மாட்டிக்குவோம். டீச்சர் தள்ள மாட்டாங்க. 'ரெண்டடி பின்னால வாங்க'ன்னு சொல்வாங்க. அப்புறம் வழி விட்டுடும்."

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா கனைக்கக்கூட மறந்துவிட்டார். "பின்பக்கமா தள்ளிப் பார்ப்போமா?"

அம்மா குழாய்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். உப்புத் தண்ணீரை எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல அனுப்பினார். முள் மறுபடி ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து. சுண்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள். பாறை போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

சொட்!

"கலங்கலா வருது பாரு!" என்று கத்தினார் அம்மா.

முள் இறங்கியது. ஆறு, நான்கு, மூன்று. அங்கேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் பொடி உள்ளேயே தங்கிடுச்சு," என்றார் மாமா. "பரவாயில்ல. கிணத்தை மூட வேண்டாம். அதுக்குள்ள வெறும் தண்ணி விடக் கூடாதுன்னு மட்டும் எழுதுங்க."

அம்மா எழுதினார். பிறகு இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டில்மேல் ஒட்டினார்: 'உப்புத் தண்ணீர். சுண்டு தொடக் கூடாது.'

சுண்டு அம்மாவிடம் பேனாவை வாங்கி, அதற்கு அடியில் குட்டியாக எழுதினாள்: 'குறைந்தால் கூப்பிடுவேன்.'