பெயர்ச் சீட்டு இல்லாத நாற்காலி

சமையலறை மேல் அலமாரியைத் திறந்த விஜயலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள். டீ ஜாடியைக் காணோம்!

வெள்ளைப் பீங்கானில் நீலப் பூப் போட்டது. மூக்கு நுனியில் சின்னதாகச் சில்லு உடைந்திருக்கும். வலியசாலைத் தெருவில் காப்பியைத் தவிர வேறெதற்கும் மரியாதை இல்லாத அந்த வீட்டில், செக்ரட்டேரியட் கேன்டீனில் டீ குடித்துப் பழகிவிட்ட ஒரே மனிதர் வெங்கடேஸ்வரன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த ஜாடியிலிருந்து மனைவி விஜயலக்ஷ்மி ஊற்றிக் கொடுக்க வேண்டும் அவருக்கு. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அங்கே டீ போட்டதில்லை. ஜாடியை மட்டும் மாதம் ஒருமுறை இறக்கி, துடைத்து, பழையபடி மேலே ஏற்றி வைப்பாள். அதுதான் இப்போது இல்லை.

"ஜானு... மேலே இருந்த டீ ஜாடி எங்கேடி?"

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு மாடிப்படியில் நின்ற மருமகள் ஜானவியின் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடி மறைந்தது.

"எந்தாம்மா...? அங்கேதான் எங்கேயாவது இருக்கும். இன்னிக்கு பார்ட்டி முடியட்டும், நானே தேடித் தரேன், ட்டோ!"

வழக்கம்போல மலையாளம் கலந்து சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதவள் எதையோ ஒளிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள விஜயலக்ஷ்மி போலீஸ் உத்தியோகம் பார்த்திருக்க வேண்டியதில்லை.

இன்றைக்கென்று இல்லை, பத்து நாளாகவே இந்தக் கூத்துதான். இவள் தலையைக் கண்டால் மருமகளின் போன் பேச்சு நின்றுவிடும். பெரிய பெரிய பார்சல்கள் வரும். வந்த வேகத்தில் மாடிக்குப் போய்விடும். போன வாரம் பீரோவில் இருந்த இவளுடைய பழைய ரவிக்கை ஒன்று காணாமல் போய், மூன்று நாள் கழித்து மடிப்பு மாறித் திரும்பி வந்திருந்தது. பிள்ளை ஆனந்தகிருஷ்ணனைக் கேட்டால், "நேக்கொண்ணும் அறியாதும்மா" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். எதுவும் தெரியாதவன் எதற்கு ஓட வேண்டும்?

எல்லாம் இந்த டீ பார்ட்டி வந்ததிலிருந்துதான். தலைப்பிள்ளைக்கு வளைகாப்பு வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள் ஜானவி. அதற்குப் பதிலாக, நூறு வருஷத்துக்கு முந்தைய காலத்து டீ விருந்தாம். மேஜைக்கு லேஸ் விரிப்பு, பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், கிராமபோன், வருகிற பெண்களெல்லாம் பழைய போட்டோவில் இருப்பதுபோல கழுத்து மூடின லேஸ் ரவிக்கை! தாயில்லாப் பெண், தாயார் ஸ்தானத்தில் நாம் இருந்து பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள் விஜயலக்ஷ்மி. ஆசைதான். செய்ய முடியாது என்பது அவளுக்கே தெரியும். கணவனை இழந்தவள் கர்ப்பிணியின் கையில் வளையல் அடுக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். விஜயலக்ஷ்மிக்கு அது வெறும் சட்டமில்லை, பயம். தன் கை பட்டு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்...?

அதனால் ஒரு காரியம் செய்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் சாலைக் கடைத்தெருவில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். காலையில் நாலு வீடு தள்ளியிருக்கும் நாத்தனார் பகவதியிடம் கொண்டு கொடுத்தாள்.

"அக்கா, பார்ட்டியோ என்னமோ பண்ணிட்டுப் போறா. நடுவிலே நீங்க இதை அவ கையிலே போட்டுவிட்டுடுங்கோ. கொழந்தை காதிலே வளையல் சத்தம் விழணும், அவ்வளவுதான்."

"போட்டுடறேன். நீ உள்ளேயே இருந்துக்கோ, விஜி. அதானே நல்லது?" என்றாள் பகவதி. தம்பி போனதிலிருந்து அந்த வீட்டுச் சுபகாரியங்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பது.

"பின்னே? நான் வருவேனா அக்கா?" என்று சிரித்தாள் விஜயலக்ஷ்மி. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

மத்தியானம் கூடத்தை எட்டிப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு போயிற்று.

நீள மேஜையில் மூன்றடுக்குத் தட்டுகள் கொலுப்படி மாதிரி நின்றன. வெள்ளரிக்காய் வைத்த குட்டி சாண்ட்விச், அதன் மேல் அடுக்கில் ஸ்கோன் என்று ஒன்று, உச்சியில் உண்ணியப்பம். விஜயலக்ஷ்மி விடியற்காலையில் பிழிந்த தேன்குழலுக்குக்கூட ஓரத்தில் ஒரு தட்டு கிடைத்திருந்தது. மொத்தம் பதினைந்து நாற்காலி. வருகிற ஒவ்வொருவருக்கும் வளைந்து வளைந்து எழுதிய ஒரு பெயர்ச் சீட்டு. அழைப்பிதழ் வரைவதுதான் ஜானவிக்கு வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஷாலு... கலைச்செல்வி... ரெம்யா... பகவதி அத்தைக்குக்கூட ஒன்று! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். விஜயலக்ஷ்மி என்று ஒரு சீட்டு இல்லை. மேஜைத் தலைமாட்டில் ஒரு நாற்காலி மட்டும் சீட்டில்லாமல் கிடந்தது. அதன் எதிரே எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். போட்டோ எடுக்கிறவனுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாஸ்திரம் ஒதுக்கி வைத்தால் பொறுத்துக்கொள்வாள். பதினோரு வருஷமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இது சாஸ்திரம் இல்லையே! இது ஜானவி எழுதிய லிஸ்ட். மகளாக நினைத்தவள், உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு பெயராக எழுதி, இவள் பெயரை மட்டும் விட்டிருக்கிறாள். பார்சல், தாழ்ப்பாள், போன் பேச்சு எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் விளங்கிவிட்டதாக நினைத்தாள்.

மூன்று மணிக்குப் பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம். ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லை.

"அம்மா! பையும் தூக்கிண்டு எங்கே போறேள்?"

ஜானவி! லேஸ் ரவிக்கையும் பட்டுமாக மூச்சிரைக்க நின்றாள்.

"எங்கேயோ போறேன். நான் இருந்தா என்ன, போனா என்ன?" அதுவரைக்கும் கட்டிப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "ரவிக்கையை எடுத்தே, கேக்கலை. அவர் ஜாடியை எடுத்தே, தேடித் தரேன்னு பொய் சொன்னே... செரி போகட்டும்னு விட்டேன். வரவாளுக்கெல்லாம் பேரெழுதி வெச்சிருக்கே. ஒரு மூலையிலே எனக்கு ஒரு சீட்டு எழுதப்படாதாடி? உன் சிநேகிதிகள் முன்னாடி இந்த வெறும் நெத்திக்காரி வந்து நிக்கப்படாதுன்னா, நேரே சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே...!"

ஜானவி பையை வாங்கிக் கதவோரம் வைத்தாள். மாமியாரின் கையைப் பிடித்து, தரதரவென்று கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தலைமாட்டு நாற்காலிக்கு எதிரே மூடியிருந்த துணியை எடுத்தாள்.

நீலப் பூப் போட்ட டீ ஜாடி! பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் அட்டைப் பெட்டியில் இளம் ஊதா நிறத்தில் ஒரு லேஸ் ரவிக்கை. காணாமல் போன ரவிக்கை எதற்குப் போய்விட்டு வந்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"சீட்டு விருந்தாளிக்குத்தாம்மா. வீட்டுக்காரிக்கு எதுக்கு சீட்டு?" ஜானவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்த டீ பார்ட்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீட்டுக்காரி தலைமாட்டிலே உட்கார்ந்து தன் கையாலே ஊத்தணும். அவ ஊத்தாம ஒருத்தரும் கோப்பையைத் தொடப்படாது."

"நானா...? ஐயோ, நான் எப்படிடி..."

"என் கல்யாணத்தன்னிக்கு மாலை மாத்தறச்சே உங்களைத் தேடினேம்மா. எங்கேயும் காணோம். சாமான் வைக்கற கலவறைக் கதவிடுக்கிலே ஒரு கண்ணு மாத்திரம் தெரிஞ்சுது. ஒரே பிள்ளை கல்யாணத்தை நீங்க ஒத்தைக் கண்ணாலே பாத்தேள்! அன்னிக்கே மனசுலே வெச்சுண்டேன். வளைகாப்புன்னா மறுபடியும் அங்கேதான் போய் நிப்பேள். போன்னு யாரும் சொல்ல வேண்டாம், நீங்களே போயிடுவேள். அதனாலேதான்... எந்த சாஸ்திரத்திலேயும் இல்லாத ஒரு விசேஷமாத் தேடிப் பிடிச்சேன். முன்னாடியே சொன்னா சம்மதிப்பேளா? அதான் மறைச்சேன்..."

விஜயலக்ஷ்மி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாளாக அவள் சேர்த்து வைத்த சந்தேகமெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவளையே சுட்டது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை.

"வேண்டாம் ஜானு. என் கை... உன் கொழந்தைக்கு..."

"மூணு மாசம் வாந்தி எடுத்தேனே, நெத்தியைத் தாங்கிப் பிடிச்ச கை எது? தெனம் கால் வீக்கத்துக்கு எண்ணெய் போடற கை எது? அப்போவெல்லாம் ஒண்ணும் ஆகாத கொழந்தைக்கு, டீ ஊத்தினா ஆயிடுமா?"

பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. பகவதி! சிநேகிதிகளும் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் விஜயலக்ஷ்மி நிற்பதைப் பார்த்ததும் பகவதியின் புருவம் ஏறியது.

"இதென்ன விஜி, இங்கே நிக்கறே? உள்ளே இருக்கேன்னு நீதானே சொன்னே? இத்தனை நாள் ஒழுங்கா ஒதுங்கி இருந்தே, இன்னிக்கு என்ன புதுசா?"

லேஸ் ரவிக்கைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜானவி வாயைத் திறந்தாள். விஜயலக்ஷ்மி அவள் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"ஒதுங்கித்தான் இருந்தேன் அக்கா. நீங்க காட்டின மூலையிலே எல்லாம் ஒதுங்கினேன். காட்டாத மூலையைக்கூட நானே தேடிண்டு போய் ஒதுங்கினேன். பெத்த பிள்ளை மாலை மாத்தறதைக் கதவிடுக்கிலே நின்னு பாத்தேன். ஒரு நாளாவது வாய் தொறந்து கேட்டிருக்கேனா...?" கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு என் ஆத்துக்கு விருந்தாளி வந்திருக்கா. அவாளுக்கு நான்தான் ஊத்தணுமாம். ஊத்தப் போறேன். நீங்களும் உட்காருங்கோ."

பகவதி உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விஜயலக்ஷ்மி மறக்காமல் இடது கை ஆள்காட்டி விரலால் ஜாடி மூடியை அழுத்திக்கொண்டு சாய்த்தாள். அந்த மூடி வழுக்கும். மூக்கில் சில்லு இருப்பதால் லேசாக வலப்பக்கம் திருப்பினால்தான் சிந்தாது. பதினோரு வருஷத்துக்கு அப்புறமும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முதல் கோப்பை ஜானவிக்கு, பாதி பாலோடு. அப்புறம் ஷாலுவுக்கு, ரெம்யாவுக்கு, கலைச்செல்விக்கு... ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். ஒரு சொட்டுகூட லேஸ் விரிப்பில் விழவில்லை. ஊற்றி முடிகிறவரை ஒருத்தரும் கோப்பையைத் தொடவும் இல்லை.

கடைசியில் பகவதியின் நாற்காலி. திரும்பிய முகம் திரும்பியபடியே இருந்தது. விஜயலக்ஷ்மி ஜாடியோடு நின்றாள். மூடி கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தில் பகவதி திரும்பினாள். அப்போதுதான் ஜாடியைப் பார்த்தாள்.

"இது... என் தம்பி ஜாடி அல்லே?"

"ஆமாம் அக்கா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்கு... கடைசியா இதிலேதானே குடிச்சான்? 'விஜி கையாலே ஒரு வாய் குடிச்சுட்டு வரேன், வண்டியை நிறுத்துங்கோ'ன்னு என்கிட்டேதான் சொன்னான்..." பகவதி வெறும் கோப்பையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அதை முன்னால் தள்ளினாள். "அரைக் கோப்பை போறும். எனக்குப் பழக்கமில்லை."

விஜயலக்ஷ்மி ஊற்றினாள். பகவதி மடியிலிருந்த பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வளையல்கள்!

"நீ வாங்கினது. நீயே போடு."

"அக்கா...!"

"போடுன்னேன் அல்லே? டீ ஆறிண்டிருக்கு."

ஜானவி இரண்டு கையையும் நீட்டினாள். பச்சையும் சிவப்புமாக ஒவ்வொன்றாக ஏற்றினாள் விஜயலக்ஷ்மி. பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி வளையலும் ஏறினதும் இரண்டு கையும் கலகலவென்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. "என்னை மன்னிச்சுடு ஜானு, உன்னைப் போய் நான்..." என்று அவளும், "நான்தாம்மா சொல்லியிருக்கணும்" என்று இவளும், இரண்டு பேர் அழுகையில் யார் எதைச் சொன்னார்கள் என்று மேஜையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பகவதி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரை போறலை, விஜி."

மற்றவர்களெல்லாம் போன பிறகு, கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஷாலு கொல்லைப் பக்கமிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஊர் பாறசாலைப் பக்கம்.

"ஆன்ட்டி, இது யாருக்க பேக்கு? கதவுகிட்ட கெடந்துது."

ஊதா ரவிக்கையின் லேஸ் கையை மடித்து விட்டுக்கொண்டு ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள் விஜயலக்ஷ்மி. திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரோ ஊருக்குப் போறேன்னு வெச்சிருந்தா. போகலையாம். உள்ளே கொண்டு வெச்சுடு, ஷாலு."