நூறு மதிப்பெண் தெரு

சிப்பிக்காரத் தெருவின் பெயர் செய்தித்தாளில் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தூத்துக்குடியிலேயே வாடகை அதிகமுள்ள தெரு அது. உள்ளூர்ச் செய்திகளைத் தினமும் படித்து ஒவ்வொரு தெருவுக்கும் நிம்மதி எண் தரும் ‘ஊர்கணி’ இயந்திரம் போன மாதம் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது. கெட்ட செய்தி வந்தால் எண் இறங்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வங்கிகள் கடன் கொடுத்தன. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள்.

அந்தத் தெருவைச் சேர்ந்த பிலோமி, மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் கணவனின் படத்தோடு நின்றாள். ஞாயிறு பூசைக்குப் போன லியோன் வீடு திரும்பவில்லை. தெருச் சங்கத் தலைவர் தனபாண்டியன் அவள் பின்னாலேயே வந்துவிட்டார்.

“யம்மா, பேப்பர்ல மட்டும் வேண்டாம். நாங்க தேடுதோம்லா.”

“தேடுன லட்சணந்தான் தெரியுதே அண்ணாச்சி.”

“எம் மவளுக்கு நிச்சயம் வச்சிருக்கேன். இப்பப் போயி எண்ணு இறங்குச்சுன்னா?”

“அப்ப கல்யாணம் முடியுற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு காணாமப் போகாம இருக்கணும், என்ன?”

நிருபர் செலஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தெருக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைக்கூட வேறு ஊரிலுள்ள மகள் வீட்டு முகவரியில்தான் கொடுப்பார்கள். சென்ற ஆண்டு சங்கிலியைப் பறிகொடுத்தபோது பிலோமியும் வாய் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். செலஸ்டின் செய்தியைத் தட்டச்சு செய்து, அச்சுக்கு முன் விதிப்படி ஊர்கணிக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: ‘ஏற்க இயலாது. ஆள் வசிக்காத பகுதி.’

செலஸ்டின் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“மக்கள்தொகைக் கணக்கும் இப்ப இதுதான் எடுக்கு,” என்றார் செலஸ்டின் மெதுவாக. “மனுசன் இருந்தா நாய்க்கடியாவது, குழாயடிச் சண்டையாவது செய்தியில வரும்னு அதுக்கு ஒரு கணக்கு. உங்க தெருவுல சாவுகூட இல்ல. ஆளே இல்லாத எடத்துல நிம்மதிக்கு என்ன கொறச்சல்?”

“போலீஸ் தேடுமா?” என்றாள் பிலோமி.

“இல்லாத தெருவுல இருந்து காணாமப் போன ஆள எப்படித் தேடும்? அங்க குடியிருக்கவங்க யாராச்சும் சாட்சி சொல்லணும். பொண்டாட்டி சாட்சி செல்லாது.”

பிலோமி யாரையும் பார்க்கவில்லை. தனபாண்டியன் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மகளின் முகம் அவர் மனதில் வந்து போயிருக்க வேண்டும். பிறகு திரைமுன் போய் நின்றார்.

“லியோன் எங்க தெருக்காரன்தான். நான் சாட்சி.”

‘உங்கள் தெரு?’ என்று கேட்டது ஊர்கணி.

சொன்னார். அது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டது.

“நாங்க இருக்கோம்,” என்றார் தனபாண்டியன். “அங்கதான இருக்கோம்.”