கருவேலங்குளம் விலக்கில் திரும்பிய கார்

திருநகரில் ஜேசுராஜின் வீட்டுக்கு ஜெனி வந்தபோது காலை ஒன்பது மணி. தானாக ஓடும் காரைத் திருமங்கலம்–கல்லுப்பட்டி சாலையில் விட்டுச் சோதிக்கும் கம்பெனியின் பொறியாளர் அவள். மூன்று வருடமாக அந்தக் காரைத் தவிர வேறு நினைப்பில்லாதவள்.

ஜேசுராஜ் இன்சூரன்ஸ் சர்வேயராக முப்பது வருடம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்தவர். பிறர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பக்கத்தில் அவருடைய மைத்துனர் மெர்வின். தபால் ஆபீஸ் கிளார்க், லீவு போட்டுவிட்டுத் துப்பறிய வருபவர். இதுவரை அவர் கைகாட்டிய அத்தனை பேரும் நிரபராதிகள்.

"நேத்துக் காலைல பத்து மணிக்கு, கருவேலங்குளத்துக்குப் பிரியற விலக்குல கார் மெயின் ரோட்ட விட்டுத் திரும்பிடுச்சு சார். ரெண்டு கிலோமீட்டர் போய் ஒரு பந்தல் முன்னாடி நின்னிருக்கு. ஆபத்துன்னா பிரேக் போடறதுக்காக உள்ள உட்கார்ந்திருந்தவர் சூரியபிரகாஷ். பந்தல்ல அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. அவர் லீவு கேட்டாரு, நாங்க குடுக்கல."

"தாய்மாமன் மடியில வச்சுத்தான காது குத்தணும்? வண்டியக் கடத்திட்டாரு. இம்புட்டுத்தான் கேஸு" என்றார் மெர்வின்.

"கார் தானாத் திரும்புச்சுன்னு அவர் சொல்றாரு. கார் படம் எடுத்து வைக்காது, தான் பார்த்ததை எழுதி மட்டும் வைக்கும். அதுல வழி நெடுக 'இடது ஓரக்கோடு தெளிவு'ன்னு இருக்கு. ஆனா அந்த ஊர் ரோட்டுல கோடே கிடையாது சார். அவரே பதிவைத் திருத்திட்டாருன்னு மேனேஜர் சொல்றாரு. சாயந்தரத்துக்குள்ள நான் எழுதிக் குடுத்தா போலீஸ் புகார்."

"நீங்க நம்பலயாம்மா?"

"திருடறவர் தானாவே திரும்பி வந்து சாவியக் குடுப்பாரா சார்?"

கம்பெனிக் கொட்டகையில் அந்தக் கார் நின்றது. ஜேசுராஜ் குனிந்து, இடது முன்சக்கரத்தின் பள்ளங்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை விரலில் எடுத்து முகர்ந்தார். வலது சக்கரத்தில் ஒன்றுமில்லை.

"கோலப்பொடி!" என்றார் மெர்வின்.

"கோலப்பொடி மூக்கைக் கரிக்காது மாப்ள. நேத்து மழை எப்பப் பெஞ்சுச்சு?"

"சாயந்தரம் நாலு மணிக்கு அத்தான். ஏன்?"

ஜேசுராஜ் விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். கேட்டதற்குக் காரணம் சொல்லாதது அவருடைய கெட்ட பழக்கம்.

ஜெனி தன் சொந்தக் காரை ஓட்ட, நால்வரும் கிளம்பினார்கள். கம்பெனியிலிருந்து கூட்டி வந்த சூரியபிரகாஷ் பின்சீட்டில். திருமங்கலம் தாண்டியதும் கரிசல் காடு விரிந்தது. மழை குடித்த மண்ணிலிருந்து ஆவி எழும்பி, தூரத்துப் பனைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தன. சூரியபிரகாஷ் தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

"விலக்குக்கிட்ட வந்ததும் ஸ்டியரிங் தன்னால சுத்துச்சு சார். நான் கைய மடியில வச்சிருந்தேன். ரெண்டு பக்கமும் பருத்திக்காடு. பாப்பா காதுகுத்து ஞாபகமாவே இருந்துச்சா, கனவுதான்னு நெனச்சேன். மேளச்சத்தம் கேட்டுச்சு. அப்பவும் கனவுன்னுதான் நெனச்சேன்."

விலக்கில் இறங்கி ஜேசுராஜ் நடந்தார். மெயின் ரோட்டின் வெள்ளை ஓரக்கோடு அங்கே அறுந்து, ஊருக்குப் போகும் சாலை வெறுந்தாராகக் கிடந்தது. இடது ஓரத்துப் புல் மட்டும் நூல் பிடித்தாற்போல வெளுத்துக் கருகியிருந்தது. வலது ஓரத்துப் புல் பச்சை மாறாமல் தலையாட்டியது.

காரில் ஊருக்குள் போனபோது, பாதி பிரித்த பந்தலின் கீழ் சூரியபிரகாஷின் தங்கை அஸ்வினி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. ஜேசுராஜ் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"பதிவை யாரும் திருத்தல. கார் கோட்டைப் பார்த்ததா எழுதியிருக்கு, அப்ப கோடு இருந்திருக்கு. சக்கரத்துல ஒட்டியிருந்தது பிளீச்சிங் பவுடர். தலைவர்கள் வந்தா ரோட்டோரம் கோடு போடுவாங்களே, அது. வளைவுல சக்கரம் அதை மிதிச்சிருக்கு. கார் போனப்புறம் மழை கழுவிட்டுப் போயிருச்சு. புல்லு கருகினதை மழையால கழுவ முடியல."

"அப்ப மந்திரி யாரோ வந்திருக்காரு!" என்று மெர்வின் எழுந்தே விட்டார்.

"மந்திரிக்குன்னா ரெண்டு பக்கமும் போட்டிருப்பாங்க மாப்ள. இது ஒரு பக்கம் மட்டும். மெயின் ரோட்டுக் கோடு அறுந்த எடத்துல ஆரம்பிச்சுப் பந்தல் வாசல்ல முடியுது. கார் இடது கோட்டைப் பார்த்துத்தான் போகும்னு தெரிஞ்ச ஆளு போட்டது. அதைச் சூரியபிரகாஷ் வீட்டுல சொல்லியிருப்பாரு. என்னம்மா?"

அஸ்வினி அழவில்லை. நேராகப் பார்த்தாள். "நாந்தான் போட்டேன். அண்ணன் மடியில்லாம எம் புள்ளைக்குக் காது குத்த எனக்கு மனசு வரல. காலைல வெள்ளனவே எங்க வீட்டுக்காரரும் நானும் பவுடர் மூடைகளச் சாச்சுக்கிட்டே வந்தோம். இது அண்ணனுக்குத் தெரியாது. கம்பெனில என்னையப் பிடிக்கட்டும்."

பந்தல் வாசல்வரை கருகியிருந்த புல்லை ஜெனி பார்த்தாள். பவுடர் மூட்டை இருந்தால் யார் வேண்டுமானாலும் அவளுடைய காரைக் கிணற்றுக்குள்கூட இறக்கிவிடலாம். உண்மையை எழுதினால் சூரியபிரகாஷ் தப்பிப்பான். மூன்று வருட வேலை இன்றோடு நிற்கும். பேசாமல் இருந்தால் கார் ஓடும், அவன் ஜெயிலுக்குப் போவான்.

"கோட்டைப் பார்த்தீங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

"பாதி வழியில பார்த்தேன். அஸ்வினி வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. கனவு இல்லைன்னும் தெரிஞ்சுச்சு."

"பிரேக் உங்க காலடியிலதான இருந்துச்சு? ஏன் மிதிக்கல?"

"தப்பான வழியில போனா மிதிக்கச் சொன்னீங்க மேடம்." அவன் தலை நிமிரவில்லை. "எம் மருமக காதுகுத்துக்குப் போற வழி தப்புன்னு எனக்குத் தோணல. அதையும் எழுதிக்கங்க. வேலைய விட்டு எடுத்தாலும் சரிதான்."

ஜெனி செல்போனை எடுத்தாள். எழுதியதை அவனுக்குக் கேட்கும்படி வாசித்தாள்: "திருட்டு நடக்கவில்லை. பதிவு உண்மை. பொய்க் கோட்டை என் கார் நம்பியது, பிழை என்னுடையது. இன்றோடு சாலைச் சோதனையை நிறுத்துகிறேன்."

பிரேக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சூரியபிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.